பயபக்தியோடு பருகி முடிக்கப்பட்டது

உலகத்தில் உருப்படியாக நடந்த எந்தக் காரியத்துக்குப் பின்னாலும் ஓர் உபகுழு இருந்திருக்கிறது என்பது திருவாளர் லாசரஸின் அசைக்க முடியாத நம்பிக்கை. செங்கடல் பிளந்தபோது மட்டும் உபகுழு அமைக்கப்படவில்லை. அதனால்தான் அது அத்தனை அவசரமாக, முறையான அறிக்கை ஒன்றும் இல்லாமல் நடந்து முடிந்துவிட்டது என்று அவருக்கு உள்ளூர ஒரு வருத்தம் உண்டு.

லாசரஸ் அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளர். மேற்குத் தாம்பரத்தில் அவர் போய்வந்த சபையில் இருபத்திரண்டு வருடங்களாக மதுவிலக்கு ஐக்கியத்தின் தலைவர். ஐக்கியத்தில் மொத்தம் நான்கு உறுப்பினர்கள். அதில் ஒருவர் துபாய்க்குப் போய், அங்கிருந்து கடிதம் போடுவதையும் நிறுத்திவிட்டார். தலைவரோ கொள்கையில் இரும்பு. இருமல் மருந்து பாட்டிலைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்று படித்துப் பார்த்து, மூடி வைத்துவிட்டு, இருமிக்கொண்டே இருந்துவிடுவார். வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. ஆனால் மனசாட்சி தெளிவாக இருக்கும்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே ஓர் ஆசை. சபைச் செயலாளர் ஆக வேண்டும். மூன்று தடவை நின்று மூன்று தடவையும் தோற்றார். கடைசித் தோல்வி ஏழு ஓட்டில். அந்த ஏழு பேர் யார் யார் என்று அவருக்குத் தெரியும். ஞாயிறுதோறும் அவர்களுக்கு மட்டும் சற்று அதிகமாகவே சிரித்து வணக்கம் சொல்வார்.

1993 தேர்தலுக்கு அவருக்கு ஒரு கொள்கை கிடைத்தது. ஆங்கில நாளிதழின் ஞாயிறு மலரில் வந்த ஒரு கட்டுரை அது. பிரான்ஸ் நாட்டுக் கிராமப்புறம், குடும்பமாக நடத்தும் திராட்சைத் தோட்டம், ஏழு தலைமுறை, ரசம் ஊறும் பாதாள அறை, மருந்தடிக்காத பழம். ‘ஆர்கானிக்' என்ற சொல் மேற்குத் தாம்பரத்துக்குள் நுழைந்தது அன்றைக்குத்தான், அதுவும் லாசரஸின் வாய் வழியாக. அவர் கட்டுரையைக் கத்தரித்துக் கோப்பில் சேர்த்து, அந்த வாரமே சபைக் கமிட்டியில் எழுந்து நின்றார்.

"நம்ம திருவிருந்துல அப்பத்தோட திராட்சை ரசம்னு என்ன குடுக்கறோம்? மார்க்கெட்ல வாங்கின எசன்ஸு, சர்க்கரை, கொதிக்க வெச்ச தண்ணி. திங்கக்கிழமை ஆபீஸ் போனா என் நாக்கு ஊதா கலர்ல இருக்கு. ஜெலுசில் சாப்பிட்டீங்களான்னு கேக்கறாங்க. இது ஒரு சபைக்கு அழகா?"

ஜெலுசிலுக்கும் ஊதாவுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. ‘திராட்சை ரசத் தூய்மை ஆய்வு உபகுழு' ஏகமனதாக அமைக்கப்பட்டது. தலைவர், போதகர் தேவானந்தம் ஐயா. நாற்பத்தோரு வருட ஊழியம் முடித்து அடுத்த ஏப்ரலில் ஓய்வு பெற இருந்தவர். உறுப்பினர், பெண்கள் ஐக்கியச் செயலாளர் தபீதாள் டீச்சர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. கமிட்டியில் அவர் கண்ணாடியைக் கழற்றினாலே பாதித் தீர்மானங்கள் வாபஸாகும். ஒருங்கிணைப்பாளர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிரான்ஸ் தூரம் என்பதால் படப்பைக்குப் போவதென்று முடிவாயிற்று. படப்பையைத் தாண்டி உள்ளே சவுரிமுத்து என்பவர் திராட்சை போட்டிருக்கிறார், வீட்டிலேயே ரசமும் போடுகிறார் என்று தகவல் வந்திருந்தது. சவுரிமுத்து முன்பு லேத்துப் பட்டறையில் வேலை பார்த்தவர். மனைவி பேபி கம்பத்துக்காரி. அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பன்னீர் திராட்சைக் குச்சிகள்தாம் தோட்டமாகியிருந்தன. இருவரும் கத்தோலிக்கர்கள்; லாசரஸின் சபையோ புராட்டஸ்டண்டு.

நவம்பர் மாதச் சனிக்கிழமை ஒன்றில் உபகுழு புறப்பட்டது. வாடகைக்குக் கிடைத்த ஒரே வேன் சின்னப்பனுடையது. இதில் லாசரஸுக்குச் சின்னச் சங்கடம் இருந்தது. சின்னப்பன் ஒரு காலத்தில் இதே சபையில் மணி அடித்து, பெருக்கி, பாய் விரித்த கோயில்பிள்ளை. 1987-இல் திருவிருந்து முடிந்து மீந்த ரசத்தில் அரை டம்ளரைத் திரைக்குப் பின்னால் குடித்தபோது பிடிபட்டான். பிடித்தவர் லாசரஸ். வேலையும் போயிற்று, திருவிருந்தில் பங்குபெறும் உரிமையும் காலவரையின்றி நிறுத்தி வைக்கப்பட்டது. அதற்காகவே லாசரஸ் ஒரு சுற்றறிக்கையும் எழுதினார்.

"ஏறுங்க சார்" என்றான் சின்னப்பன், ஒன்றுமே நடக்காததுபோல. "ஐயாவ முன்சீட்ல குந்த வைங்க. முடிச்சூர் ரோடு முழுக்கப் பள்ளமா கீது."

தோட்டத்தை அடைந்தபோது லாசரஸுக்கு முதலில் கண்ணில் பட்டது மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள்தாம். மூன்று பக்கமும் மனைப் பிரிவு. நாலாவது பக்கம் கிணறு. நடுவில் கல்கால் நட்டுக் கம்பி இழுத்த ஒரு பந்தல். அதன் கீழே சவுரிமுத்துவும் பேபியும் துவைத்த சட்டை, துவைத்த புடவையோடு கைகட்டி நின்றார்கள்.

"வாங்க சாமி" என்று போதகரைக் கும்பிட்டார் சவுரிமுத்து. ‘சாமி' என்று கத்தோலிக்கர்கள்தாம் கூப்பிடுவார்கள். தேவானந்தம் ஐயாவுக்குக் கூச்சமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

லாசரஸ் கேள்விப் பட்டியலை எடுத்தார். பதினெட்டுக் கேள்விகள், மூன்று படிகள், நடுவில் கார்பன் தாள்.

"இது எத்தனையாவது தலைமுறை?"

"எங்க வூட்ல நான்தான் சார் மொதோ ஆளு. அத்தயே எங்க அண்ணன் ஒத்துக்கல."

"பாதாள அறை எங்க?"

"பாதாளம் இல்ல சார். கிணறு கீது. பாக்குறீங்களா?"

லாசரஸ் ‘ஆழமான நீராதாரம் உண்டு' என்று குறித்துக்கொண்டார். "பூச்சிமருந்து?"

"அடிக்கிறதில்ல சார். சாணி, வேப்பம்புண்ணாக்கு, அவ்ளோதான். புழு வந்தா பேபி கையாலயே புடிச்சிப் போட்டுடும்."

"ஆர்கானிக்!" என்றார் லாசரஸ், தபீதாள் டீச்சர் பக்கம் திரும்பி. டீச்சர் தலையை அசைத்தார், ஒரு மாணவன் ஏழாம் வாய்ப்பாடு சரியாகச் சொன்னதுபோல.

"இன்னாவோ சார், நீங்க சொல்றீங்க. பாதிப் பழத்த குருவி துன்னுட்ச்சி. மிச்சத்துல பாதி சாம்பல் நோவுல போச்சி. நின்னத வெச்சி பேபி ஒரே ஒரு ஜாடி போட்டுகீது. அஞ்சு பாட்டில் வரும். இந்த வருசத்துக்கு அவ்ளோதான்." சவுரிமுத்து சற்றுத் தயங்கி, குரலைத் தாழ்த்தினார். "சார், உங்க சபைலேர்ந்து ஒரு லெட்டர் வோணும் சார். ‘எங்க கோயிலுக்கு ரசம் இவரு குடுக்கறாரு'ன்னு. அத்த வெச்சா ரசம் போடற பர்மிட்டுக்கு எழுதிப் போடலாம்னு சொன்னாங்க. நெலம் எங்க அண்ணன் பேர்லயும் கீது. கிறிஸ்மஸுக்குள்ள லெட்டரும் ரசமும் காட்டு, இல்லாங்காட்டி ப்ளாட்டுக்குக் குடுத்துர்றேன்னு சொல்ட்டாரு."

"கவலைப்படாதீங்க. முறைப்படி பரிசீலிக்கப்படும்" என்றார் லாசரஸ். அது அவர் அலுவலகத்தில் தினமும் சொல்வதுதான். அங்கே அதற்கு வேறு அர்த்தம். சவுரிமுத்துவுக்கு அது தெரியாது, முகம் மலர்ந்துவிட்டது.

ஜாடி பம்புசெட் அறையில் இருந்தது. பேபி வாய்க்கட்டுத் துணியை அவிழ்த்தபோது கிராம்பும் பட்டையும் பழமும் கலந்து ஒரு வாசம் எழுந்தது. போதகர் தும்மினார். தபீதாள் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"நாப்பது நாளு ஊறுதுங்க" என்றாள் பேபி. "கொஞ்சம் சுர்ருன்னு இருக்கும். முன்னாடியே சொல்லிட்டேன்."

மதுவிலக்கு ஐக்கியத் தலைவர் இதற்கும் தயாராகவே வந்திருந்தார். "ரசாயனம் சேர்த்து வர்றதுதாம்மா மது. ஆர்கானிக்கா, தானா வந்தா அது சத்து" என்று தீர்ப்புச் சொன்னார். போதாததற்குப் பையிலிருந்து ஒரு பச்சை பிளாஸ்டிக் மக்கை எடுத்து வைத்தார். பிரான்ஸில் ருசி பார்ப்பவர்கள் வாயில் வைத்துக் குதப்பிவிட்டுத் துப்பிவிடுவார்களாம்; கட்டுரையில் இருந்தது. ஆகவே உபகுழு ருசி பார்க்கும், ஒரு சொட்டும் தொண்டைக்குள் இறங்காது, இருபத்திரண்டு வருட விரதத்துக்குப் பங்கமில்லை. அந்த மக்கை நினைத்து அவர் இரண்டு நாளாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

பேபி ஒரு டம்ளர் மொண்டு போதகர் கையில் கொடுத்தாள்.

"ஐயா, ருசி பாக்கறதுக்கு முன்னாடி தோட்டத்துக்காக ஒரு சின்ன ஜெபம்" என்றார் லாசரஸ். எதையும் அரைகுறையாகச் செய்வது அவருக்குப் பிடிக்காது. "டம்ளருக்கு மட்டும் பண்ணினா எப்படி? ஜாடி மேலயும் கை வைங்க ஐயா. முழு விளைச்சலுக்கும் சேர்த்து." ஜாடியை அவரே போதகர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

போதகர் இடது கையை ஜாடியின் விளிம்பில் வைத்தார். வலது கையில் டம்ளரை உயர்த்தினார். கண்ணை மூடினார். மழைக்காக நன்றி சொன்னார். கொடிக்காக நன்றி சொன்னார். ஆனால் நாற்பத்தோரு வருடமாக, கையில் கோப்பையும் மூடிய கண்ணுமாக அந்த வாய் சொல்லிவந்தது ஒரே ஜெபம்தான். மூன்றாவது வாக்கியத்தில் அது தானாகப் பழைய தடத்துக்கு மாறிக்கொண்டது. திருவிருந்து ரசத்தைப் பரிசுத்தமாக்கும் பிரதிஷ்டை ஜெபம், ஒரு சொல் விடாமல், ராகம் தப்பாமல், கடைசிவரை சொல்லி முடிக்கப்பட்டது. எல்லோரும் ஆமென் என்றார்கள். அதில் உரத்த ஆமென் லாசரஸுடையது.

தபீதாள் டீச்சர் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐயா, நீங்க இப்ப பண்ணினது தோட்ட ஜெபம் இல்லையே."

"பின்ன?"

"பிரதிஷ்டை ஜெபம். முழுசா பண்ணிட்டீங்க."

போதகர் டம்ளரைப் பார்த்தார். ஜாடியைப் பார்த்தார். "அடடா" என்றார். "பழக்கதோஷம்மா."

"இன்னா சாமி, எதுனா தப்பாயிட்ச்சா?" என்று சவுரிமுத்து பதறினார்.

"தப்பில்ல, தப்பில்ல" என்று போதகர் சமாதானம் சொன்னார். "லாசரஸ், வாய் தவறி வந்துட்டுது. இந்த டம்ளர்ல இருக்கறத நாம மூணு பேரும் எடுத்துக்குவோம். ஜாடிய அப்படியே விட்டுருவோம். பாவம், இவங்க வருசமெல்லாம் உழைச்சது. ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார்."

"ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார் ஐயா" என்றார் லாசரஸ். "ஆனா சுற்றறிக்கை இருக்கே."

சுற்றறிக்கை அவர் டைரிக்குள் மடித்து வைத்த நிலையில் எப்போதும் இருக்கும். எடுத்து வாசித்தார். பிரதிஷ்டை செய்யப்பட்ட ரசம் மீந்தால் அதை வெளியே எடுத்துச் செல்லக் கூடாது. தரையில் கொட்டக் கூடாது. பிற சபையாருக்குக் கொடுக்கக் கூடாது. அந்த இடத்திலேயே, உரிமையுள்ள உறுப்பினர்களால், ‘பயபக்தியோடு பருகி முடிக்கப்படவேண்டும்'.

"கொடி வேருல ஊத்திர்லாமா சார்?" என்றார் சவுரிமுத்து.

"தரையில் கொட்டக் கூடாது."

"அப்ப நானும் பேபியும் கொஞ்சம் ஒத்தாசை பண்றோம்."

"நீங்க பிற சபையார்."

வாசலில் நிழல் விழுந்தது. சின்னப்பன் நின்றுகொண்டிருந்தான். "சார், நான் நம்ம சபதான். எனுக்கு ஒரு டம்ளர் குடுக்கலாமே?"

"உன்னைத் திருவிருந்திலேர்ந்து விலக்கி வெச்சிருக்கு."

"இன்னாத்துக்கு சார் விலக்கினீங்க?"

"மீந்த ரசத்தக் குடிச்சதுக்கு."

"சரி சார்" என்றான் சின்னப்பன். போய் வேனில் உட்கார்ந்துகொண்டான்.

பம்புசெட் அறையிலேயே அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. ஜாடியைப் பருகி முடிப்பதென்ற தீர்மானத்தை லாசரஸ் முன்மொழிந்தார். தபீதாள் டீச்சர் வழிமொழிந்தார். போதகர் தலைமை வகித்ததால் அவருக்கு ஓட்டில்லை. துப்புவதற்கு இனிப் பேச்சே இல்லை. பச்சை மக் மறுபடி பைக்குள் போயிற்று.

போதகருக்குச் சர்க்கரை வியாதி. இரண்டு டம்ளரோடு நிறுத்திக்கொண்டு மோட்டார் மேல் சாய்ந்து கண்ணயர்ந்தார். தபீதாள் டீச்சர் முதுகு வளையாமல் ஸ்டூலில் உட்கார்ந்து, விடைத்தாள் திருத்துகிற நிதானத்தில், ஏழு டம்ளர் முடித்தார். மீதி பத்து டம்ளரும் ஒருங்கிணைப்பாளரின் கடமையாக வந்து சேர்ந்தன.

முதல் டம்ளரை லாசரஸ் கஷாயம்போல மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் குடித்தார். இரண்டாவதில் மூக்கை விட்டார். நான்காவதில் ஓர் உண்மை தெரிந்தது: இருபத்திரண்டு வருடமாக எதை எதிர்த்துப் பேசிவந்தாரோ, அதனோடு அவருக்கு இன்றைக்குத்தான் முறையான அறிமுகம் கிடைத்திருக்கிறது. ஐந்தாவதில் அந்த ஏழு ஓட்டுக்காரர்களையும் மன்னித்தார். ஆறாவதில், இத்தனை நாள் சபைக்கு எசன்ஸைக் கொடுத்தவர்களை நினைத்து அழுதார். ரசம் அத்தனை நன்றாக இருந்தது. அவர் வாழ்க்கையில் அவ்வளவு நல்லதாக எதுவும் தொண்டைக்குள் இறங்கியதில்லை.

"சவுரி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். "நீ சவுரிமுத்து இல்லய்யா. நீ பிரெஞ்சுக்காரன்."

"இருக்கட்டும் சார். அந்த லெட்டரு..."

"திங்கக்கிழமை! திங்கக்கிழமை காலைல லெட்டர் உன் கையில இருக்கும். ரெண்டு காப்பியா வேணும்? நாலு காப்பி! என் மேல நம்பிக்கை இருக்கா?"

"உங்கள நம்பாம யார சார் நம்பறது?"

பேபி ஒவ்வொரு தடவை மொள்ளும்போதும் ஜாடிக்குள் எட்டிப் பார்த்தாள். கடைசியில் அகப்பை அடியில் உரசியது. "முடிஞ்சிருச்சு சார். கிராம்புதான் இருக்கு."

"கிராம்பும் பிரதிஷ்டை ஆயிருக்கு" என்று லாசரஸ் அதையும் வாங்கி மென்றார்.

திரும்பும் வழியில் முடிச்சூர் சாலையின் பள்ளங்களை அவர் உணரவில்லை. ஞானப்பாட்டு ஒன்றை நான்கு சரணமும் பாடினார். ஐந்தாவது சரணம் கிடையாது, அதையும் பாடினார். ஆலய வாசலில் வேன் நின்றபோது மணி ஆறு. சனிக்கிழமை ஆறு மணி பாடகர் குழு ஒத்திகை நேரம் என்பது அவருக்கு ஞாபகமில்லை. பதினாறு பாடகர்கள் படியில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, மதுவிலக்கு ஐக்கியத் தலைவர் வேனிலிருந்து பக்கவாட்டில் இறங்கினார். அந்தப் பதினாறு பேரில் ஐந்து பேர் அந்த ஏழு பேரைச் சேர்ந்தவர்கள். தபீதாள் டீச்சர் நேராக இறங்கி, நேராக நடந்து, நேராகக் குரோட்டன்ஸ் செடிக்குள் போனார். போதகரைச் சின்னப்பன் தூக்கி இறக்கினான்.

ஞாயிறு விடிந்தபோது லாசரஸுக்குத் தலை இரண்டாகப் பிளந்தது. ஆனால் மூளை வேலை செய்தது. முப்பது வருட அலுவலகப் பயிற்சி வீண் போகுமா? தேர்தலுக்கு ஏழே நாள். விஷயம் சேலையூர் வரை போயிருக்கும். அறிக்கையை அவர் எப்படி எழுதினாலும், ஊர் பார்த்ததற்கு அது பதில் சொல்ல வேண்டும். ரசம் நல்லது, ஏற்கத் தக்கது என்று எழுதினால் அவர்கள் மூன்று பேரும் குடித்துவிட்டு வந்தவர்கள். ரசம் கெட்டது, விலக்கத் தக்கது என்று எழுதினால் அதே மூன்று பேரும் சபைக்காகத் தங்கள் உடலையே பணயம் வைத்துச் சோதித்தவர்கள். சவுரிமுத்துவின் முகம் ஒருமுறை நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது, உண்மையாகவே வெட்கமாக இருந்தது. ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தார்.

அறிக்கை மூன்று பக்கம். அதன் சிகரம் பதினோராம் பத்தி: ‘மேற்படி தோட்டத்து ரசத்தின் மாதிரி, உபகுழுவினரால் முறைப்படி ருசி பார்க்கப்பட்டது. அதில் மதுத்தன்மை இருப்பது, உறுப்பினர்களின் உடல்நலத்தையும் பொருட்படுத்தாது மேற்கொள்ளப்பட்ட விரிவான பரிசோதனையில் ஐயத்துக்கிடமின்றி உறுதியாயிற்று. ஆகவே ஏற்பதற்கில்லை.' தபீதாள் டீச்சர் ஓர் ஒற்றுப்பிழையை மட்டும் திருத்திக் கையெழுத்திட்டார். போதகர் படிக்காமலே போட்டார்.

அடுத்த ஞாயிறு அறிக்கை வாசிக்கப்பட்டபோது பெண்கள் பக்கத்தில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். லாசரஸ் அறுபத்தொரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த ஏழு பேரும் மாலை வாங்கிவந்தார்கள். புதிய செயலாளர் போட்ட முதல் கையெழுத்து, இரண்டு பாட்டில் எசன்ஸ் வாங்க ஒப்புதல்.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் இருக்கும்போது சவுரிமுத்து வந்தார். அதே துவைத்த சட்டை. ஆலய அலுவலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "லெட்டரு சார்" என்றார்.

லாசரஸ் அறிக்கையின் நகல் ஒன்றை நீட்டினார். சவுரிமுத்து நின்றபடியே, உதடு அசைய, மூன்று பக்கத்தையும் படித்தார். வெளியே பாடகர் குழு கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. லாசரஸ் தன் மேசை மேலிருந்த முத்திரையை எடுத்து நகர்த்தி, மறுபடி பழைய இடத்திலேயே வைத்தார்.

"எல்லாம் சரியாத்தான் சார் எழுதிக்கிறீங்க" என்றார் சவுரிமுத்து கடைசியில். "சுர்ருன்னு இருக்கும்னு பேபியும் முன்னாடியே சொல்ட்ச்சி. ஒரு எடத்துல மட்டும் தப்பா கீது."

"எங்க?"

பதினோராம் பத்தியில் விரல் வைத்தார். "‘மாதிரி'ன்னு போட்டுக்கிறீங்க. மாதிரின்னா அந்த மொதோ டம்ளருதான் சார். மிச்சம் பூரா எங்க வருசம்."

சொல்லிவிட்டு நகலை மேசை மேல் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

லாசரஸ் அந்தத் தாளை எடுத்துப் பதினோராம் பத்தியை மறுபடி படித்தார். பிழை பிழைதான். பிழையான ஓர் ஆவணத்தை அவர் கோப்பில் விட்டுவைத்ததாகச் சரித்திரமே கிடையாது. சிவப்புப் பேனாவை எடுத்து ‘மாதிரி' என்பதை அடித்தார். மேலே ‘முழுவதும்' என்று எழுதினார். ‘ருசி பார்க்கப்பட்டது' என்பதையும் அடித்து, ‘பருகி முடிக்கப்பட்டது' என்று எழுதினார். திருத்தம் செய்தால் ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டுத் தேதி போட வேண்டும் என்பது விதி. போட்டார். பிறகு அந்த நகலைக் கோப்பில் அடியிலும் அடியாக, யாரும் எடுத்துப் பார்க்காத இடத்தில் வைத்துக் கட்டினார்.